ரீவைண்டு டாக்டரும் கல்யாணக் கேமராவும்

தன் சொந்தக் குரலையே ஆஸ்பத்திரியை விட்டு வெளியே துரத்தச் சொன்ன மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். ஆரணியில் எங்களுக்கு சர்ஜரி சொல்லிக்கொடுத்த ரீவைண்டு டாக்டர். அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. வயதாகிவிட்டது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன், கோபப்படக்கூடாது என்று என் நோயாளிகளுக்கெல்லாம் உபதேசம் செய்கிறேன். அத்தனையும் அந்த மனிதர் ஞாபகம் வரும்வரைதான். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. அதை ஆரணியில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. பட்டு வியாபாரிகள் சேர்ந்து ஊரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி நடத்தினார்கள். டாக்டர் படிப்பை முடித்துவிட்டு நானும் கூடப் படித்த குமாரும் அங்கே சர்ஜரி பயிற்சிக்குச் சேர்ந்தோம். கத்தி பிடித்துச் சொந்தமாக ஆபரேஷன் செய்து காட்டினால் ஆஸ்பத்திரியே எங்களை மேற்படிப்புக்கு அனுப்பிவைக்கும். காட்டாவிட்டால் சர்ஜன் என்ற கனவை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். குமாருக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. எனக்கு இருந்தது. நான் பெண்.

ஆஸ்பத்திரித் தலைவரை எல்லோரும் முதலாளி என்போம். பெரிய ஜவுளிக்கடைக்காரர். நான் சேர்ந்த அன்றைக்கே கூப்பிட்டுச் சொன்னார். "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கும்மா இந்த அறுக்கற வேல? பிரசவ வார்டு கீது பாரு, அங்க குந்திகினு நாலு கொழந்தைங்கள எடுத்துப் போடு. புண்ணியமாப் போவும்."

எடுத்துப் போடுவதாம்! கிணற்றில் விழுந்த வாளியா அது? பிரசவம் பார்ப்பது ஒரு தனி வித்தை, அதை மட்டம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது சர்ஜரி. பட்டுத்தறி போட்டிருந்த என் அப்பா, "புடிச்சத படி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவருக்குப் புரிந்தது கடை வைத்திருந்த கனவானுக்குப் புரியவில்லை.

சரி, ரீவைண்டுக்கு வருகிறேன். ஆள் ஒல்லி. குரல் மட்டும் கோட்டை மைதானத்தில் மைக் வைத்துப் பேசுகிற குரல். கத்தும்போது இடது கையால் அடிவயிற்றின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வார். அது ஏதோ ஸ்டைல் என்று நினைத்து வார்டு பாய்கள் அவர் இல்லாத நேரத்தில் அப்படியே நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். ஆபரேஷனை வீடியோ எடுத்து, அதைப் போட்டுக் காட்டித்தான் வெளிநாட்டில் சொல்லித்தருகிறார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டார். அவ்வளவுதான், பிடித்தது சனி. துபாயிலிருந்த மச்சானை ஒரு வீடியோ டெக் கொண்டுவர வைத்தார். படம் பிடிக்க ஆள் வேண்டுமே? ஊரில் கேமரா வைத்திருந்தவர் கல்யாண வீடியோ எடுக்கும் பாபு பாய் ஒருவர்தான்.

"இன்னா சார், கல்யாணமா, காதுகுத்தா?"

"ஹெர்னியா."

"அது இன்னா பங்சன் சார்?"

குடல் சரிந்து அடிவயிற்றில் புடைத்துக்கொள்வதற்கான ஆபரேஷன் என்று விளக்கிச் சொன்னோம். பாய் பயப்படவில்லை. பந்தல் லைட் போல ஒரு லைட்டையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர்தான் பாய்ந்து வந்து மறித்தார். "யோவ், குப்புனு பத்திக்கற ஈதர் வாசன அடிக்கற எடத்துல அந்த லைட்டப் போட்டே, நோயாளி டாக்டர் எல்லாரும் ஒண்ணா மேல போவோம்!" அதனால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைக்கும் ஆபரேஷன்களை மட்டும் படம் பிடிப்பது என்று முடிவானது. இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், நோயாளி முழித்துக்கொண்டே இருப்பார். அவருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு துணித் திரைதான். ரீவைண்டு எங்களைத் திட்டுவதெல்லாம் அவர் காதில் விழும். பெரணமல்லூர்க்காரப் பெரியவர் ஒருவர் பொறுக்க முடியாமல் திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "டாக்டரே, அந்தப் பாப்பாவ இன்னாத்துக்கு இந்தப் பேச்சு பேசறீங்க? என் வயிறுதானே? போனாப் போவுது, வுடுங்க."

முதல் கேசட்டை எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். ஆரம்பத்திலேயே பிள்ளையார் படம். பிறகு பூப்போட்ட எழுத்தில் 'நல்வரவு'. ஆஸ்பத்திரி போர்டிலிருந்து கேமரா மெதுவாக இறங்கி, டாக்டர் கை கழுவுவதைப் பின்னாலிருந்து காட்டியது, பின்னணியில் நாதஸ்வரத்தோடு. தியேட்டருக்குள் போனோம். கத்தி தோலைத் தொட்டது. கேமரா உடனே அங்கிருந்து கிளம்பி மயக்க டாக்டர், நர்ஸம்மா, குமார், நான், ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் நின்ற வார்டு பாய் என்று, குனிந்திருந்த டாக்டரைத் தவிர ஒருவர் விடாமல் முகத்தைக் காட்டியது. முகமூடி போட்டிருந்தோம் என்பது பாபு பாய்க்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நோயாளியின் கால் விரல்களைக் கூடக் கிட்டத்தில் காட்டினார், மெட்டி போடுகிற இடம் என்ற பழக்கத்தில். கேமரா திரும்பி வந்தபோது தையல் போட்டு முடித்திருந்தோம்.

"யோவ் பாய்! நான் இன்னா மாப்பிள்ளையா? வயிறு எங்கய்யா? உள்ள நான் பண்ண வேல எங்க?" ரீவைண்டு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"வயிறு ஒரு வாட்டி காட்டிட்டேனே சார். அதயே எத்தினி நேரம் காட்டறது? நர்ஸம்மா மூஞ்சி வுட்டுப் போச்சுன்னா அவங்க மனசு கஷ்டப்படாதா? களம்பூர்ல ஒரு கல்யாணத்துல சித்தப்பா மூஞ்சி வுட்டுப் போயி, ரெண்டு குடும்பமும் இன்னிக்கும் பேச்சுவார்த்த இல்லாம கீறாங்க. ஒருத்தர் மூஞ்சி வுட்டாலும் பேஜாரு சார்."

இனிமேல் முகம் என்று ஒன்று கேசட்டில் வந்தால் கேமராவை உடைத்துவிடுவேன் என்று பாய்க்கு உத்தரவு போனது. அடுத்த கேசட்டில் முகம் இல்லை. டாக்டரின் பின்னந்தலைதான் இருந்தது, ஆரம்பம் முதல் கடைசி வரை. குனிந்து வேலை செய்கிற மனிதரின் தலை மறைத்துக்கொண்டால் பாய் என்ன செய்வார்? இவர் விட்டாரா? அடுத்த நாளே மொட்டை அடித்துக்கொண்டு வந்தார். என்ன வேண்டுதல் சார் என்று ஊரே விசாரித்தது. மொட்டையில் பாயின் லைட் பட்டு, அந்தக் கேசட் முழுக்க ஒரு பௌர்ணமி நிலா மட்டும் தெரிந்தது.

கடைசியில் வழி கிடைத்தது எங்கள் ஊர்த் தறியிலிருந்துதான். பட்டுத் தறியில் பூ வேலைக்காகத் தலைக்கு மேலே ஜக்காடு பெட்டி உட்கார்ந்திருக்கும் பாருங்கள், அதைத் தாங்குகிற சட்டம் மாதிரியே ஒன்றை ஆசாரியை விட்டுச் செய்யச் சொன்னார். ஆபரேஷன் டேபிளுக்கு மேலே சட்டம், அதில் திருப்புகிற மாதிரி ஒரு கழுத்து, அதில் கேமரா. நேராகக் கீழே பார்க்கும். வயிறும், அதில் வேலை செய்கிற உறை மாட்டிய கைகளும் துல்லியமாகத் தெரிந்தன. முகம் மட்டும் ஒன்றும் கிடையாது. வாழ்க்கையில் முதல் முறையாக ரீவைண்டு சந்தோஷப்பட்டார். சந்தோஷத்திலும் எங்களைத் திட்டினார் என்பது வேறு விஷயம்.

பாய்க்குத்தான் மனசு ஆறவில்லை. "மூஞ்சி இல்லாத கேசட்டு ஒரு கேசட்டா?" என்று ஸ்டாண்டைப் பார்க்கும்போதெல்லாம் புலம்புவார். அவர் புலம்பியதிலும் நியாயம் இருந்தது. கலசப்பாக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு ஆசையாக அவருடைய ஆபரேஷனைப் போட்டுக் காட்டினோம். முழுக்கப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் கீது. இது என் வயிறுதான்னு நான் எப்படி நம்பறது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே இட்லியும் கறிக்குழம்புமாக இருக்கும்போது, நானும் குமாரும் குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகள் அடுக்கிய ஸ்டோர் ரூமில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்போம். "நிறுத்து! ரீவைண்டு! அந்த எடத்துல இன்னா பண்ணே? இன்னும் பின்னால போ! போ! ஆங், இப்ப பாரு உன் அழக." ஒரு முடிச்சை முன்னாலும் பின்னாலும் ஓட்டி ஓட்டி மத்தியானம் ஆகிவிடும். தப்பை நாங்கள் ஒருமுறைதான் செய்தோம். அதைப் பார்த்ததோ எண்ணிக்கையில்லாத முறை. அவமானம் என்றால் அதுதான் அவமானம். அவர் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்குமே.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. அந்த நாதஸ்வரக் கேசட்டுக்குப் பிறகு எதையும் சத்தமில்லாமல் போட்டுத்தான் பார்ப்போம், திட்டுவதை நேரிலேயே தர அவர் இருந்தாரே. அன்றைக்கு யாரோ சத்தத்தைத் திறந்துவிட்டார்கள். "அறிவு கீதா உனக்கு? மாடு மேய்க்கப் போ!" என்று டி.வி. அலறியது.

ரீவைண்டு நிமிர்ந்தார். "எவன்யா அவன்? தியேட்டர்ல நின்னுகினு இப்படிக் கத்தறான்? நோயாளி முழிச்சிகினு கீறாரு, அவருக்குக் காது கேக்குது. மொதல்ல அவன ஆஸ்பத்திரிய வுட்டே வெளிய அனுப்பு!"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குமார்தான் எச்சில் விழுங்கிவிட்டுச் சொன்னான். "சார், அது நீங்கதான் சார்."

"நானா?" பின்னால் ஓட்டிக் கேட்டார். மறுபடியும் கேட்டார். "என் குரல் இப்படி இருக்காது. டெக்குல கோளாறு." டெக் ரிப்பேருக்குப் போனது. ரிப்பேர்க்காரர் ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பி அனுப்பினார். அவரையும் திட்டினார். ஆனால் இனி எந்தக் கேசட்டிலும் சத்தம் விட்டுப்போகக் கூடாது என்று அன்றைக்கு ஒரு விதி போட்டார். எதற்கு என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

இந்த வியாதி ஆஸ்பத்திரியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு கல்யாணத்துக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட, மற்ற முடிச்சுகளை நாத்தனார் போட்டாள். கெட்டிமேளம் முழங்கி முடித்த அந்த ஒரு நொடி அமைதியில் இவர் எழுந்து நின்றார். "நிறுத்து! கடைசி முடிச்சு நழுவற முடிச்சும்மா. அத அவுத்துட்டு மறுபடியும் போடு!"

தாலியை அவிழ்ப்பதா! மண்டபமே எழுந்துவிட்டது. பெண்ணின் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளையின் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பந்தி போடுவதற்கு முன்பே நாங்கள் தெருவில் நின்றோம். எனக்கு நல்ல பசி வேறு. அந்தத் தம்பதி இன்றைக்கும் பேரன் பேத்தியோடு சௌக்கியமாக இருக்கிறார்கள், முடிச்சு நழுவவில்லை. முடிச்சு நழுவவில்லையே சார் என்று அந்த நாளில் எப்போது கேட்டாலும், "இன்னும் டைம் கீது" என்பார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சகித்திருப்பேன். என்னால் சகிக்க முடியாதது ஒன்று இருந்தது. குமாருக்குக் கத்தி, எனக்குக் கொக்கி. வெட்டின இடத்தை விரித்துப் பிடித்துக்கொள்ளும் கொக்கியைப் பிடித்தபடி மாதக்கணக்கில் நின்றேன். குமார் அப்பென்டிக்ஸ் எடுத்தான், ஹெர்னியா செய்தான். நான் கொக்கி பிடித்தேன். அதற்கும் திட்டு. கொக்கியைப் பிடிப்பதில் அப்படி என்ன ஐயா தப்புச் செய்துவிட முடியும்? அவனுக்கு ஒரு ஆழாக்கு வசவு என்றால் எனக்கு ஒரு படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. குமாரின் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்துபோய் டெக்கின் பட்டனை நானே அமுக்கினேன்.

"ரீவைண்டு!" என்றேன்.

குமார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துகொண்டான்.

"பாருங்க சார். குமார் நூலக் கட் பண்ணச் சொல்றான். கிட்டக்க இருக்கறது நான். என் கை கத்திரிக்கோலுக்குப் போவுது. இந்த எடத்துல நிறுத்தறேன். குறுக்க ஒரு கை வந்து என் கையத் தள்ளிவுடுது. இன்னும் பின்னால போறேன். இங்கயும் அதே கை தள்ளுது. இங்கயும். இது யார் கை சார்?"

ரீவைண்டு டி.வி.க்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "என் கை."

"எதுக்கு சார் அது குறுக்க வருது?"

"எதுக்கு வருது?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன்! நான் இன்னா தப்பு செஞ்சேன்னு அது தள்ளுது? முதலாளி சொன்னாருன்னா? அப்படீன்னா என்னத் திட்டாதீங்க, அந்தக் கையத் திட்டுங்க!"

அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை, அது இன்னும் கோபத்தைக் கிளப்பும். அவர் அந்த இடத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எழுந்து வந்த பிறகும் ஸ்டோர் ரூமில் டெக் ஓடுகிற சத்தம் கேட்டது. மறுநாள் தியேட்டர் வாசலில் என்னைப் பார்த்ததும், "ஹெர்னியா ஒண்ணு கீது. கையக் கழுவிகினு வா, நீதான் பண்றே" என்றார். சொல்லிவிட்டு, கை கழுவத் தாமதம் என்று அதற்கும் திட்டினார்.

என் முதல் கத்தி. இவர் எதிரில் நின்று ஆரம்பம் முதல் கடைசி வரை விடாமல் கத்தினார். "மல்லிகா! கண்ணு எங்க கீது? நரம்பு, நரம்பப் பாரு! ஆரணியில பொறந்துட்டு பட்டு நூல்ல முடிச்சு போடத் தெரியலன்னு வெளிய சொன்னா உங்கப்பாவுக்கு வெக்கம்!" ஆனால் அவருடைய கை ஒருமுறை கூடக் குறுக்கே வரவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. கேசட்டைப் போடச் சொல்லி, ஸ்டோர் ரூமில் வந்து உட்கார்ந்தார். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது. "ஆஹா, டாக்டரே! உங்க கைன்னா கைதான்."

"அது மல்லிகா கை."

"சும்மா வெளாடாதீங்க."

ரீவைண்டு சத்தத்தைத் திறந்துவிட்டார். மல்லிகா, மல்லிகா என்று என் பெயர் அந்த அறை முழுக்க வசவாகக் கொட்டியது. முதலாளி அசரவில்லை. "சத்தத்த அப்பால சேத்துக்கலாம். சினிமால எவனோ பாடறான், எவனோ வாய அசைக்கிறான். இதுல மூஞ்சி எங்க கீது? உற மாட்டுனா எல்லாக் கையும் ஒரே கைதான். சரி, அந்தப் பொண்ணு கைன்னே வெச்சிக்கலாம். அவ பண்ணப் போறான்னு தெரிஞ்சிகினு எந்த ஆம்பள அவகிட்ட கத்தி வெச்சிக்குவான்? ஒருத்தனக் காட்டுங்க. இல்லன்னா ஒண்ணாம் தேதியிலேர்ந்து பிரசவ வார்டுக்குப் போவட்டும்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, கடையில் துணி ரகம் பேசுகிற மாதிரிப் பேசினார். நான் வாயைத் திறப்பதற்குள் ரீவைண்டு கத்தினார்.

"நான் வெச்சிக்கறேன்யா!"

கோபத்தில் சொல்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் அடிவயிற்றின் ஓரத்தை அழுத்தியிருந்த இடது கையை எடுத்தார். "இன்னாத்துக்கு எப்பப் பாரு இதப் புடிச்சிகினு கத்தறேன்னு நெனச்சீங்க? வெளிய பிதுங்குதுய்யா. எனக்கும் ஹெர்னியா. வருசக்கணக்கா வெச்சிகினு கீறேன். மல்லிகா, எனக்கு நீ பண்றே."

ஊரில் உள்ளவர்களின் ஹெர்னியாவையெல்லாம் சரிசெய்த மனிதர் தன்னுடையதைக் கையால் பொத்திக்கொண்டே திரிந்திருக்கிறார்! ஏன் சார் இத்தனை நாள் செய்துகொள்ளவில்லை என்று கேட்டேன். "எவன நம்பிப் படுக்கறது?" என்றார்.

ஆபரேஷன் அன்றைக்கு முதலாளி வரவில்லை, கேசட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ரீவைண்டு முதுகில் ஊசி போட்டுக்கொண்டார். திரை கட்டியதும் ஆரம்பித்துவிட்டார். "எங்கிட்டேர்ந்து இன்னாத்த மறைக்கறீங்க? டி.வி.ய இங்க கொண்டாந்து வைங்க! கேமராவோட வயர அதுல சொருவு பாய், ஜல்தி!" வேறு வழியில்லை. திரைக்கு அந்தப் பக்கம் அவர் தலைமாட்டில் டி.வி. வைக்கப்பட்டது. தன் வயிற்றை நான் வெட்டுவதைத் தானே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"கொஞ்சம் மேல வெட்டு! இது உங்க வூட்டுக் காய்கறியா? நிறுத்து! ரீவைண்டு, ரீவைண்டு!"

"சார், இது நேரடியா ஓடுது சார். பின்னால போவாது," என்றார் பாய்.

"போவாதா? அப்ப மல்லிகா, ஒழுங்காப் பண்ணு!"

பயப்பட எனக்கு நேரமில்லை. அந்த மனிதர் மேல் இருந்த கோபத்திலேயே குடலை உள்ளே தள்ளி, அது பிதுங்கியிருந்த பையைக் கட்டி, பலவீனமான இடத்தில் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி அடைக்க ஆரம்பித்தேன். முதல் தையலுக்குத் திட்டு வந்தது. அடுத்ததற்கும் வந்தது. அதற்கடுத்த தையலைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. இன்னொன்று போட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அவர் திட்டும்போது வராத பயம் அப்போதுதான் வந்தது. அந்தத் தியேட்டரில் அப்படி ஒரு அமைதியை நாங்கள் யாரும் கேட்டதில்லை. "சார்?" என்றேன். பதில் இல்லை. "சார்!" நாடியைப் பிடித்திருந்த மயக்க டாக்டரைப் பார்த்தேன். "இன்னா ஆச்சு? பேச மாட்டேங்கறாரே!"

மயக்க டாக்டர் திரைக்கு மேலே தலையை நீட்டினார். அவர் கண்ணில் சிரிப்பு இருந்தது. "தூங்கறாரும்மா."

அதற்குச் சாட்சியாகக் குறட்டை கிளம்பியது. சாதாரணக் குறட்டை இல்லை, திட்டு எந்தச் சுருதியில் வருமோ அதே சுருதி.

நான் மூச்சு விட்டு, மிச்சத் தையலைப் போட ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் பாபு பாய் ஸ்டூலில் ஏறி, ஸ்டாண்டின் கழுத்தைத் திருப்பினார். கேமரா என் கைகளிலிருந்து கிளம்பி மேலே வந்தது.

"பாய்! கேமராவக் கீழ வைங்க! வயிறு கீழ கீது! அறிவு கீதா?" கத்தியது நான்தான். ரீவைண்டு தூங்கிவிட்டால் தியேட்டருக்கு ஒரு ஆள் வேண்டாமா?

"ஒரே நிமிசம் டாக்டரம்மா. இத்தினி கேசட்டு எடுத்தேன், சார் மூஞ்சி ஒண்ணுல கூட வுழல. வுட்டுப் போச்சுன்னா அப்பால பேஜாரு."

மறுநாள் கட்டிலில் படுத்துக்கொண்டே கேசட்டைப் பார்த்த ரீவைண்டு, "என் கடைசித் தையலெல்லாம் எங்கய்யா?" என்று பாயைக் கேட்ட கேள்வி தெருக்கோடி வரை கேட்டது. தையல் போட்ட வயிறோடு கத்தாதீர்கள் சார் என்று நான் கத்தினேன். அப்போதுதான் முதலாளி உள்ளே வந்தார். கேசட்டை மறுபடியும் போட்டோம். கைகள் நூலை இழுத்துக்கொண்டிருந்தன. கேமரா அந்தக் கைகளை விட்டு எடுக்காமல் முழங்கை, தோள் என்று ஏறி, முகமூடிக்கு மேலே என் கண்களுக்கு வந்தது. அங்கிருந்து திரையைத் தாண்டி, வாயைத் திறந்து தூங்குகிற டாக்டருக்குப் போனது. கல்யாண வீட்டில் மணமேடையிலிருந்து பந்தி வரை போவது மாதிரி ஒரே ஓட்டம், நடுவில் வெட்டு கிடையாது. யார் கை, யார் வயிறு என்று இனி ஒருத்தரும் கேட்க முடியாது.

"டாக்டரே, நீங்க தூங்கறீங்களா?" முதலாளி குரல் இறங்கிவிட்டது.

"ஆமா. எனக்கு பஸ்ல கூடத் தூக்கம் வராது முதலாளி. வேலூர் போற வரைக்கும் டிரைவரத் திட்டிகினே போவேன்."

முதலாளி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சரி, இருந்துட்டுப் போவட்டும்."

இருந்துவிட்டுப் போகட்டுமாம்! வாடகைக்கு இடம் கேட்டவளுக்குச் சொல்வது போல. இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் கத்தி என் கையிலேயே இருந்தது, மேற்படிப்புக்கும் போனேன். ரீவைண்டு என்னைப் பாராட்டினாரா என்று கேட்கிறீர்களா? "அந்த மூணாவது தையல்ல இழுப்பு ஜாஸ்தி" என்றார். தூங்கிக்கொண்டிருந்தீர்களே சார், எப்படித் தெரியும் என்றேன். "வலிக்குதுல்ல?" என்றார்.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. செய்தி கேட்டுப் போனபோது மாலை போட ஒரு படம் கிடைக்காமல் வீட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள். போட்டோ எடுத்தவனையெல்லாம் திட்டிக்கொண்டே இருந்ததில் ஒன்றிலும் அவர் வாய் சும்மா இல்லை. அலமாரி நிறையக் கேசட் இருந்தது. அத்தனையிலும் அவருடைய பின்னந்தலை, கை, குரல். முகம் இருந்தது ஒன்றே ஒன்றில்தான்.

அதைப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துக்கொண்டேன். இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஹெர்னியா பாடம் என்று சொல்லி அதைத்தான் போடுகிறேன். கேமரா கைகளை விட்டு மேலே ஏறியதும், "மேடம், ஆபரேஷன் அவ்ளோதானே?" என்று எழுந்துவிடுவார்கள். "வாய மூடிகினு உக்காந்து பாருங்க!" என்று கத்துகிறேன். திரையில் அவர் கோபமே இல்லாத முகத்தோடு தூங்குகிறார். முடிந்ததும் நான் ரீவைண்டு செய்கிறேன்.